ஒயில் விளக்கு எரிந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்

லொறியின் டாஷ்போர்ட்டில் ஒயில் கேத்தல் போல ஒரு சின்னப் படம் இருக்கும். மூக்கில் ஒரு துளி தொங்கும். ஓடிக்கொண்டிருக்கையில் அது சிவப்பாக எரிந்தால், பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "அது சென்சர் பழுது அண்ணே, நீங்க ஓடுங்கோ." பல நேரம் அவர் சொல்வது சரியாகவும் போய்விடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பத்துத் தடவை சென்சர் பழுதாகி, பதினோராம் தடவை ஒயில் பம்ப் பழுதானால், அன்றைக்குக் கிராங்க் தண்டு போய்விடும்.

கொட்டாஞ்சேனை, ஆமர் வீதி, கிராண்ட்பாஸ் பக்கம் ஓடும் லொறிகளில் வயதானவை நிறைய. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் அது மீண்டும் பரவலாகத் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து வருடமும் இருந்த எல்ஃப், கன்டர், டாட்டா, லேலண்டுகளையே பழுது பார்த்துப் பார்த்து ஓட்டினோம். வயதான எஞ்சினில் சென்சரும் பழுதாகும், உண்மையாகவே பிரஷரும் குறையும். இரண்டுக்கும் எரிவது அதே சிவப்பு விளக்குத்தான்.

அந்த விளக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? எஞ்சின் நல்லபடி சுற்றும்போது கிராங்க் தண்டும் பெயாரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் மெல்லிய ஒயில் படலம் ஒன்று நிற்கிறது. பம்ப் ஓயாமல் ஒயிலைத் தள்ளிக்கொண்டிருந்தால்தான் அது நிற்கும். டர்போவின் தண்டும் அப்படித்தான், அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. ஒயில் வராவிட்டால் இரும்போடு இரும்பு உரச அதிக நேரம் எடுக்காது.

பழைய லொறிகளில் இருப்பது பெரும்பாலும் ஒற்றை வயர் சுவிட்ச். எஞ்சின் பிளாக்கில், வழக்கமாக ஒயில் பில்டருக்குக் கிட்ட திருகியிருப்பார்கள். உள்ளே ஒரு சவ்வும் சுருள்வில்லும் தொடுமுனையும் உண்டு. பிரஷர் இல்லாதபோது தொடுமுனை மூடியிருக்கும், விளக்கு எர்த் ஆகி எரியும். பிரஷர் ஏறத்தாழ 4 முதல் 7 பிஎஸ்ஐ வரை ஏறியதும் சவ்வு தள்ளப்பட்டு, தொடர்பு விட்டு, விளக்கு அணையும். டயருக்குக் காற்றடிக்கையில் பார்க்கிறோமே, அதே பிஎஸ்ஐதான். 7 என்பது எவ்வளவு சொற்பம் என்று அதிலிருந்தே தெரியும். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐயாவது வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. ஆகவே விளக்கு அணைந்திருப்பதை வைத்து எஞ்சின் சுகமாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. ஓட்டத்தில் எரிகிற விளக்கு உண்மை சொல்கிறதென்றால், நிலைமை மிக மோசம்.

முள் காட்டும் மீற்றர் உள்ள லொறிகளில் சுவிட்சுக்குப் பதிலாகப் பிரஷருக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சர் இருக்கும். புதிய லொறிகளில் மூன்று வயர் சென்சர் 5 வோல்ட் வாங்கி, எஞ்சின் கம்பியூட்டருக்குச் செய்தி அனுப்பும். அது தப்பான செய்தி அனுப்பினால் சில லொறிகள் தாமாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும்.

சென்சரைக் கெடுப்பவை சூடும் அதிர்வும். சவ்வு கிழிந்தால் ஒயில் அதற்குள்ளாலேயே கசிந்து பிளக்கை நனைக்கும். சூடான எக்ஸோஸ்ட் பக்கம் அது தெறித்தால் தீப்பற்றவும் கூடும். கொழும்பில் இன்னொரு எதிரி கடற்காற்று. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் இரவு நிறுத்தும் வாகனங்களின் வயர் முனைகளைக் கழற்றிப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். சென்சரை மாற்றுமுன் அந்த முனையைச் சுரண்டித் துடைத்துப் பார்ப்பது நல்லது.

வீதியில் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், சாமான் விடியுமுன் போய்ச் சேர வேண்டும், முறிகண்டியில் தேங்காய் உடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் சொல்லும். சொன்னாலும் ஓடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால் ஊற்றலாம், ஆனால் எங்கே போனது என்று லொறிக்குக் கீழும் பார்க்க வேண்டும். ஊற்றாமலே ஒயில் கூடியிருந்து டீசல் மணத்தால், எரிபொருள் கசிந்து ஒயிலை நீர்க்கச் செய்திருக்கிறது. பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்த இரண்டில் எதுவானாலும் வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்திலோ வளைவிலோ மட்டும் விளக்கு மினுக்கினால், சம்பில் ஒயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறதா என்று சந்தேகப்படுங்கள்.

ஒயில் அளவும் நிறமும் சரியென்றால் வயரைப் பார்க்கலாம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்புங்கள், விளக்கு எரிய வேண்டும். ஒற்றை வயர் சுவிட்சின் வயரைக் கழற்றினால் அணைய வேண்டும். கழற்றியும் எரிந்துகொண்டிருந்தால், அந்த வயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் முட்டுகிறது, சுவிட்சில் குற்றமில்லை. அணைந்தால் வயர் நல்லது, ஆனால் சுவிட்ச்தான் பழுது என்று அதற்குள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முள் மீற்றரானால் அதன் நடத்தையே பாதி விஷயத்தைச் சொல்லும். குளிர்ந்த எஞ்சினில் உயரமாக நின்று, சூடேற மெல்ல இறங்கி, அக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் முள்ளை நம்பலாம். திடீரென்று பாய்ந்து விழும் முள்ளும், எது செய்தாலும் அசையாத முள்ளும் பெரும்பாலும் சென்சர் அல்லது வயர்ப் பழுதையே காட்டுகின்றன.

இறுதித் தீர்ப்புச் சொல்ல வேண்டியது பிரஷர் கேஜ்தான். சென்சரைக் கழற்றி, அதே துளையில் ஹோஸோடு கூடிய கேஜைத் திருகி, எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார்கள். மின்சாரமோ வயரோ இல்லாத சோதனை இது, ஊகத்துக்கு இடமில்லை. கேஜ் வைத்துப் பார்க்காமல் "சென்சர்தான்" என்று சொல்லும் மெக்கானிக் பாஸிடம் லொறியை விடாதீர்கள் என்பேன். கேஜில் பிரஷர் கையேட்டில் சொன்ன அளவுக்கு வந்தால், தாராளமாகப் புதிய சென்சர் போடலாம். வராவிட்டால் பில்டர், சம்ப் வடி, ரிலீஃப் வால்வு, பம்ப், பெயாரிங் தேய்மானம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

சென்சர் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஜப்பான் எஞ்சின்களில் அதிகம் வரும் எட்டில் ஒரு அங்குலக் கூம்புப் புரிக்கு அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க அளவில் அதே புரிக்கு 27. ஒன்றுக்கு மற்றதை மாற்றிப் போட்டால் கையால் தொடக்கத்தில் ஏறும், பிறகு இறுகும், ஸ்பானரால் முறுக்கினால் பிளாக் வெடிக்கும் அல்லது புரி அழியும். சிறிய சாமானால் பெரிய செலவு வரும் இடம் இது. எத்தனை பிஎஸ்ஐக்கு விளக்கு அணையும் என்பதும் பொருந்த வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றாதீர்கள். ஒற்றை வயர் சுவிட்சுக்குப் புரியே எர்த், டேப் அதைத் தடுக்கலாம், துண்டுகள் ஒயில் வழிக்குள்ளும் போகலாம்.

ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை. விளக்குத் தொந்தரவு தருகிறதென்று வயரைக் கழற்றிவிட்டு, அல்லது பல்பைப் பிடுங்கிவிட்டு ஓடுகிறார்கள், பிறகு அப்படியே விற்றும்விடுகிறார்கள். வாங்கியவருக்குத் தெரியாது. பழைய லொறி வாங்கப் போனால் பாடியையும் டயரையும் பார்க்குமுன் சாவியைத் திருப்பி, ஒயில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இப்போது ஓட்டுகிற லொறியில் நாளைக் காலை ஸ்டார்ட் பண்ணுமுன்னும் அதைப் பாருங்கள். சாவி திரும்பியும் அந்தக் கேத்தல் சிவக்காவிட்டால், அன்றைக்குச் சாமான் ஏற்றாதீர்கள்.