காய்ச்சும் இடத்திலேயே விற்கும் கடை – நமக்கு ஒரு பாடம்



பருப்பு, புளி கொள்முதலுக்காகப் பெங்களூரு யஷ்வந்த்பூர் மண்டிக்கு நாம் செல்வதுண்டு. 2014-ல் அவ்வாறு சென்றபோது, மண்டி நண்பர் ஒருவர் இந்திரா நகர் நூறடிச் சாலையிலுள்ள 'டாய்ட்' என்ற உணவகத்துக்கு நம்மை அழைத்துச் சென்றார். சென்ற மாதம் மறுபடியும் போனோம். சுற்றிலும் புதுக் கடைகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் மேசை கிடைக்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சாப்பாடும் பீரும் அன்றிருந்த அதே ருசி. மது அருந்தச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு கடைக்கு மக்கள் ஏன் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்பதே நம் கேள்வி.

இவ்வகைக் கடைக்கு 'புரூபப்' என்று பெயர். பீரை அங்கேயே காய்ச்சி, உணவோடு அங்கேயே விற்பார்கள். பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் மால்ட். நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி மாவாக்குவது போலத்தான். மால்ட்டை நொறுக்கி, ஏறக்குறைய 65 டிகிரி சூட்டு நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்தச் சாற்றை வடித்து, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். சாதாரண வகைகள் இரண்டு மூன்று வாரத்தில் தயாராகிவிடும்.

நம் சரக்குக்கும் இதில் இடமுண்டு. பெல்ஜியம் நாட்டு முறை கோதுமை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பார்கள். டாய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்தே ஒரு பீர் காய்ச்சுகிறார்கள்.

ஆலை பீரைப் புட்டியில் அடைத்துச் சூடேற்றிப் பதப்படுத்துவதால் மாதக்கணக்கில் தாங்கும், எந்த ஊருக்கும் போகும். புரூபப் பீரைப் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. குளிரில் வைத்து விரைவில் விற்றாக வேண்டும். இந்தக் குறையே அதன் பலம். வேண்டுபவர் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும்!

பெரிய நிறுவனத்தின் எதிரில் சிறு கடை நிற்குமா என்று கேட்கலாம். நீலகிரியில் 1857-ல் தொடங்கிய காசில் புரூவரி உட்பட ஐந்து ஆலைகளை இணைத்து, 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்பவர் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உண்டாக்கினார். அதன் கிங்ஃபிஷர் இன்று நாடெங்கும் கிடைக்கிறது. அந்நிறுவனத்தின் தலைமையகம் உள்ள பெங்களூரிலேயே 2010-ல் டாய்ட் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு புனேயில் 'டூலலி' வந்திருந்தது. இவர்கள் விலையில் போட்டியிடவில்லை. புட்டியில் கிடைக்காத ருசியை விற்றார்கள்.

இனி நம் கதை. நமது மொத்தக் கடையை ஒட்டிய சில்லறைப் பிரிவில் மிளகாய், மல்லி வறுத்து அரைத்துக் கொடுத்து வந்தோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆள் கூலி, மின் கட்டணம் என்று கணக்குப் பார்த்து அரவையை நிறுத்தி, பாக்கெட் மசாலாவை அடுக்கினோம். ஆறே மாதத்தில் வாடிக்கை பாதியாகிவிட்டது. இருபது ஆண்டு வாடிக்கையான ஒரு அம்மணி, "பாக்கெட்டுத் தூள் எல்லாக் கடையிலும் இருக்குதுங்களே, இத்தனை தூரம் எதுக்குங்க வரோணும்?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அரவையில் மிச்சம் பிடித்தது சொற்பம். அதனால் போன அரிசி, பருப்பு, எண்ணெய் வியாபாரம் பெரிது.

பெங்களூரிலிருந்து திரும்பியதும் இயந்திரத்தைப் பழுது பார்த்து மறுபடி ஓட்டுகிறோம். போனவர்கள் எல்லோரும் வந்துவிடவில்லை, சிலர் வந்திருக்கிறார்கள். நாம் கடைப்பிடிப்பவை இவை: மூன்று நாளில் விற்கும் அளவே அரைப்பது; கைப்பக்குவத்தை நம்பாமல் ஒவ்வொரு சேர்மானத்தையும் எடை போடுவது; அரைத்த தேதியைப் பையில் எழுதுவது; பழைய தூளைப் புதியதோடு கலக்காதிருப்பது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் அவசியம்.

வீட்டு வாசலுக்கே சரக்கு வந்து இறங்கும் காலம் இது. நம் கடையில் மட்டுமே கிடைக்கும் பொருள் ஒன்றாவது இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் இன்றிரவு கடை கட்டும்போது யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.