மீன் துள்ளுவது எப்படி?

கானாங்கெளுத்தியின் தோலை உரித்தால் உடலின் பக்கவாட்டில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும். நாள் முழுக்க அலுக்காமல் நீந்த உதவும் தசை அது. அதைச் சுற்றியுள்ள வெளிர்ந்த சதை, இரையைப் பிடிக்கவும் எதிரியிடமிருந்து தப்பவும் ஒரே வீச்சில் பாய்வதற்கானது. இரண்டுக்கும் நரம்பு கட்டளையிடுவது அசிட்டைல்கோலின் என்ற ஒரே வேதிப்பொருளால்தான்.

நரம்பு தசையைத் தொடுவதில்லை. இடையே ஒரு மில்லிமீட்டரில் 20,000-இல் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி இருக்கிறது. மின்துடிப்பு நரம்பு முனைக்கு வந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. அங்கே காத்திருக்கும் நுண்பைகள் வெடித்து அசிட்டைல்கோலினைக் கொட்டுகின்றன. எதிரே தசைப் பரப்பில் இருக்கும் ஏற்பிகள் அதைப் பற்றியதும் திறந்துகொள்ள, சோடியம் நுழைகிறது, தசை சுருங்குகிறது. அடுத்த கணமே ஒரு நொதி அசிட்டைல்கோலினைச் சிதைத்துவிடுகிறது. அது இல்லையென்றால் தசை விறைத்தே நிற்கும். நம் தசையிலும் இதே ஏற்பாடுதான்.

இந்த ஏற்பியை ஆராய வேண்டுமானால் முதலில் அதைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். சாதாரணத் தசையில் ஏற்பிகள் மிகச் சொற்பம், பிரித்தெடுப்பது பெரும்பாடு. கைகொடுத்தவை மின்திருக்கையும் தென்னமெரிக்க ஆறுகளின் மின்விலாங்கும். இவற்றின் மின்னுறுப்பு, சுருங்கும் வேலையை விட்டுவிட்டு மின்சாரம் எழுப்பக் கற்ற தசையே. அதில் ஏற்பிகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. நம் கட்டுவிரியனின் தைவான் உறவுப் பாம்பு ஒன்றின் நஞ்சு, இந்த ஏற்பியை விடாமல் பற்றிக்கொள்ளும். அந்த நஞ்சையே தூண்டிலாக்கி, 1970-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஷான்-பியர் ஷான்ஷே குழுவினர் மின்விலாங்கின் ஏற்பியை அடையாளம் கண்டார்கள். எனக்கு இதைவிட வியப்பானது அடுத்து நடந்தது.

1973-இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஜிம் பேட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ராமும் அந்த மீன் ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். எதிர்ப்பொருள் உண்டாக்குவதே நோக்கம். முயல்களோ தளர்ந்து, தலைதூக்க முடியாமல் கிடந்தன. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்ததும் தெம்பு திரும்பியது. மீனின் ஏற்பிக்காக உருவான எதிர்ப்பொருள், முயலின் சொந்த ஏற்பிகளையே தாக்கியிருந்தது. மனிதரில் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோய் வரும் விதம் இப்படித்தான் துலங்கியது.

இன்று அந்த எதிர்ப்பொருளை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்; மருந்தும் உண்டு. காலையில் நன்றாக இருந்து, மாலையாக ஆக இமை சரிவது, பார்வை இரண்டாகத் தெரிவது, மெல்லும்போது தாடை சோர்வது என்று இருந்தால், வெறும் அசதி என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.