கூத்துக் களத்தில் திரௌபதி கேட்கும் கேள்வி



பங்குனி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பாரத விழா ஆரம்பமாகிவிடும். ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் கூத்து இருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் பகலெல்லாம் பட்டுக்குத் தார் சுற்றும் பெண்களும், சொந்தக்காரர் ஊரில் கூத்து என்றால் பாயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாம் சின்ன வயதிலிருந்து பார்க்கும் இந்தக் கூத்தில் நம் வாழ்க்கை எவ்வளவு இருக்கிறது என்று இந்த இதழில் பார்ப்போம்.

கட்டைக்கூத்து என்றால் என்ன?

ராஜா வேஷக்காரர்கள் கிரீடம், புஜக்கட்டை என்று மரத்தால் செய்த அணிகளைக் கட்டி ஆடுவார்கள். அதனால் இதற்குக் கட்டைக்கூத்து என்று பெயர். தெருக்கூத்து என்றும் சொல்வோம். மிருதங்கம், முகவீணை, தாளம், ஆர்மோனியம் எல்லாம் உண்டு. ராத்திரி ஆரம்பித்தால் விடியும்வரை நடக்கும்.

ஊரே மேடை

இதற்குத் தனி அரங்கம் தேவையில்லை. நம் தெருவும் கோயில் திடலும்தான் மேடை. அர்ச்சுனன் தபசு அன்று திடலில் உயரமான மரம் நட்டு, வேஷக்காரர் அதன் மேல் ஏறுவார். மேலேயிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை வரம் கேட்கும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். பிள்ளை இல்லாதவள் என்ற ஒரு சொல் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்துகிறது என்பதை அந்த மரத்தடியில் பார்க்கலாம்.

கடைசி நாள் படுகளம். தரையில் மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள். பீமன் அதன் தொடையை அடித்துப் பிளந்ததும், விரித்த கூந்தலோடு இருந்த திரௌபதி கூந்தலை முடிவாள். சண்டையில் ஜெயித்தது இவள் பக்கம்தான். ஆனால் அதே களத்தில் துரியோதனன் வீட்டுப் பெண்கள் வைக்கும் ஒப்பாரியையும் பல ஊர்களில் கேட்கலாம். ஆண்கள் போட்ட சண்டையில் இரண்டு பக்கமும் அழுவது பெண்தான்.

அந்த ஒரு கேள்வி

துகில் உரியும் ராத்திரியை யாரும் மறக்க முடியாது. சூதாட்டத்தில் தருமர் நாட்டைத் தோற்றார், தம்பிகளைத் தோற்றார், தன்னையும் தோற்றார். அதற்குப் பிறகு மனைவியைப் பணயம் வைத்தார். தன்னையே தோற்றவருக்கு என்னை வைத்து ஆட என்ன உரிமை என்று திரௌபதி சபையில் கேட்கிறாள். பீஷ்மர் மாதிரி பெரியவர்களாலும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

இது பழைய கதை மட்டும்தானா? காதுத்தோடு அடகுக் கடைக்குப் போகும்போது நம்மை யார் கேட்டார்கள்? நம் பேரில் எடுத்த குழு லோன் யார் கைக்குப் போகிறது? பணம் எங்கே போனாலும் தவணை கட்ட வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான். கற்பூரம் ஏற்றித் திரௌபதியைக் கும்பிடுகிற நாம், அவள் கேட்ட கேள்வியை வீட்டில் கேட்கத் தயங்குகிறோம்.

பெண் வேஷம் யாருக்கு?

இவ்வளவு பெண் துக்கத்தையும் காலம்காலமாக ஆடிக் காட்டியவர்கள் ஆண்கள். அவர்கள் திறமையில் குறை இல்லை. ராத்திரி முழுக்க ஆட்டம், ஊர் ஊராகப் பயணம், 'கூத்தாடி' என்ற ஏச்சு. இதையெல்லாம் சொல்லிப் பெண்களை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

இதை மாற்றும் முயற்சி நம் பக்கத்திலேயே நடந்தது. கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபால் முன்னின்று நடத்திய கட்டைக்கூத்துச் சங்கம் 1990-ல் தொடங்கப்பட்டது. அவரும் அவர் மனைவி ஹன்னா டி புருயினும் சேர்ந்து காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-ல் கூத்துக் குருகுலம் நடத்த ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றார்கள். பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். திரௌபதி வேஷம் மட்டுமல்ல, கட்டை கட்டி ராஜா வேஷமும் ஆடினார்கள். குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. ஆனால் பெண்ணால் விடிய விடிய ஆட முடியுமா என்ற சந்தேகத்தை அந்தப் பிள்ளைகள் தீர்த்துவிட்டார்கள். கல்யாணம் ஆனபிறகு தொடர்ந்து ஆடுவதுதான் கஷ்டம். அதற்குத் திறமை மட்டும் போதாது. புகுந்த வீடும் ஊரும் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தில் மாமியாராக, நாத்தனாராக நமக்கும் பங்கு உண்டு.

குழுக் கூட்டத்தில் பேச

1. கடைசியாக வாங்கிய லோனை என்ன செய்வது என்று நம் வீட்டில் முடிவு செய்தது யார்?

2. நகையை அடகு வைக்கும் முன் நம் சம்மதம் கேட்கப்பட்டதா?

3. நம் பெண் கூத்தோ பறையோ கற்க ஆசைப்பட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

4. ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுக்கும் நாம், விழாக் கமிட்டியில் இருக்கிறோமா?

அடுத்த கூத்துக்குப் போகும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். துகில் உரியும் கட்டத்தில் அவள் தூங்கிவிட்டால் தட்டி எழுப்புங்கள். திரௌபதி கேட்பதை அவளும் கேட்கட்டும்.