செம்பட்டை பாய்ந்த முடிக்கு இரண்டாம் பிளீச் தீர்வன்று

வீட்டுத் திருமணத்திற்கு நான்கு நாள்களே இருக்கும் வேளையில், கடையில் வாங்கிய பிளீச் பொட்டலத்தைக் கொண்டு தலைமுடியின் நிறத்தைத் தாமே குறைத்துக்கொள்ள முயல்வோர் உண்டு. பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் தேன் நிறம் தமக்கும் கிட்டும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. கழுவித் துவட்டிக் கண்ணாடியில் பார்க்கும்போதோ, வேரருகில் மஞ்சளும் நுனிவரை செம்பட்டையுமாக, புளியிட்டுத் துலக்கிய பித்தளைப் பாத்திரம் போல முடி பளிச்சிடுகிறது. மனம் பதறுகிறது. ‘இன்னொரு பொட்டலம் போட்டால் சரியாகிவிடும்’ என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார்.

அந்த இரண்டாம் பொட்டலமே பல சமயங்களில் உச்சந்தலைப் புண்ணுக்கும் முடி முறிவுக்கும் வழிவகுக்கிறது. செம்பட்டையை மட்டுப்படுத்த எளிய வழிகள் இருக்கின்றன. அவற்றையும், யார் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நிறம் ஏன் இவ்வாறு மாறுகிறது?

நம் முடியின் கருமைக்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி. அதில் இருவகை உண்டு. ஒன்று கறுப்பும் பழுப்பும் தருவது. மற்றொன்று சிவப்பும் மஞ்சளும் தருவது. பிளீச் கலவையிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு முடியின் உட்பகுதிக்குள் சென்று இந்நிறமியைச் சிதைக்கிறது. கறுப்பு நிறமி குறையக் குறைய, அதனடியில் மறைந்திருந்த வெம்மையான நிறங்கள் வெளிப்படுகின்றன. கருமுடி முதலில் சிவப்பாகி, பின்னர் செம்மஞ்சளாகி, அதன்பின் மஞ்சளாகி, இறுதியிலேயே வெளிர்மஞ்சளாகிறது. இவ்வரிசையைத் தாண்டிச் செல்ல வழியில்லை. ஆகவே செம்பட்டை என்பது பாதி வழியில் நின்றுவிட்ட வேதிவினையின் அடையாளமே. உச்சந்தலையின் உடற்சூடு வினையை விரைவுபடுத்துவதால், வேரருகே முடி கூடுதலாக வெளிறிவிடுகிறது.

நீலம் போடும் தத்துவம்

பழுப்பேறிய வெள்ளை வேட்டியை நம் வீடுகளில் நீலம் கலந்த நீரில் அலசுவார்கள். நீலம் அழுக்கைப் போக்குவதில்லை. மஞ்சளுக்கு எதிரான நிறத்தைச் சேர்த்து அதைக் கண்ணுக்குப் புலப்படாமல் செய்கிறது. முடியின் நிறத்தைத் திருத்துவதும் இவ்வாறே. இருக்கும் நிறமியை மேலும் அகற்றாமல், எதிர்நிறத்தைச் சிறிதளவு சேர்த்தால் போதும்.

மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா, செம்மஞ்சளுக்கு நீலம், சிவப்புக்குப் பச்சை. பலரும் தவறுவது இவ்விடத்தில்தான். விளம்பரங்களில் காணும் ஊதா ஷாம்பு, வெளிர்மஞ்சள் வரை வெளிறிய முடிக்கு உரியது. நம்மவரின் கருமுடி பெரும்பாலும் செம்மஞ்சள் நிலையிலேயே நின்றுவிடுவதால், அதற்கு நீல நிறம் கொண்ட ஷாம்புவே பொருந்தும். பகல் வெளிச்சத்தில் முடியைப் பார்த்து, எந்நிறம் மிகுந்திருக்கிறது என்று முடிவு செய்த பிறகே வாங்குங்கள். துணிக்கு இடும் சொட்டு நீலத்தைத் தலைக்குப் பயன்படுத்த வேண்டாம். அது தோலுக்காகச் செய்யப்பட்டதன்று.

வீட்டில் செய்யத் தக்கவை

முதலாவதாக, உச்சந்தலையைப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், கசிவு, எரிச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும், அது முற்றிலும் ஆறும் வரை மென்மையான ஷாம்புவைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இரண்டாவதாக, ஈரமான ஓர் இழையை மெல்ல இழுத்துப் பாருங்கள். சற்றே நீண்டு பழைய நிலைக்குத் திரும்பினால் முடியில் வலு இருக்கிறது. ரப்பர் போல நீண்டு திரும்பாமல் நின்றாலோ அறுந்தாலோ, அம்முடி வேறெந்த வேதிப்பொருளையும் தாங்காது.

மூன்றாவதாக, நிற ஷாம்புவைக் கையுறை அணிந்து ஈர முடியில் தடவி, உறையில் குறித்துள்ள நேரம் மட்டும் வைத்திருந்து அலசுங்கள். கூடுதல் நேரம் வைத்தால் முடியில் நீலச் சாயல் தங்கிவிடக்கூடும். முதலில் பிடரியிலுள்ள சிறு கற்றையில் செய்து பார்ப்பது நல்லது. இச்சாயம் முடியின் மேற்பரப்பில் படிவதால் சில குளியல்களில் மங்கும். வாரம் ஒருமுறையோ இருமுறையோ பயன்படுத்தினால் போதும்.

நீரின் தன்மையையும் கவனியுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பும் சுண்ணமும் மிகுந்திருந்தால், அவை வெளிறிய முடியில் படிந்து செம்பட்டையைக் கூட்டும். இறுதி அலசலுக்கு மட்டும் வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்தலாம். கடும் வெயிலில் செல்லும்போது தலையை மூடிக்கொள்வதும் நிறத்தைக் காக்கும்.

மருதாணியைப் பற்றி ஒரு சொல். மருதாணி தருவது செம்மஞ்சள் நிறமே ஆதலால், வெளிறிய முடியில் அது செம்பட்டையை மேலும் பளிச்சிடச் செய்யும். அதன்மேல் அவுரிப் பொடி இட்டால் சில சமயம் பச்சைச் சாயல் தோன்றும். கலப்பட மருதாணிப் பொடிகளில் உலோக உப்புகள் இருந்தால், அதன்பின் போடும் பிளீச் கடும் வெப்பத்தை உண்டாக்கி முடியையும் தோலையும் பொசுக்கக்கூடும்.

இரண்டாம் பிளீச் ஏன் ஆபத்தானது?

பிளீச் பொடியிலுள்ள பெர்சல்பேட் உப்புகளும் பெராக்சைடும் சேர்ந்து காரத்தன்மை மிக்க கலவையாகின்றன. முதல் முறையிலேயே எரிச்சலுற்ற தோலின்மேல் அதை மீண்டும் பூசினால், வேதித் தீக்காயம் ஏற்படலாம். ஆழமான காயம் ஆறிய இடத்தில் முடி மீண்டும் வளராமலே போவதுண்டு. பெராக்சைடின் அடர்த்தியை ‘வால்யூம்’ என்று குறிப்பார்கள். 20 வால்யூம் என்பது 6 விழுக்காடு. 40 வால்யூம் என்பது 12 விழுக்காடு. விரைவில் நிறம் குறைய வேண்டும் என்று 40 வால்யூமை உச்சந்தலையில் படும்படி பூசுவதும், மேலே வெப்பக் காற்றைச் செலுத்துவதும் பெருந்தீங்கு. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பெர்சல்பேட் தூசி மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும்.

கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடும் பிளீச்சிங் பவுடர் முற்றிலும் வேறு பொருள். பெயர் ஒன்றாக இருப்பதால் அதைத் தலைக்குப் பயன்படுத்திவிட வேண்டாம்.

டோனர் என்று விற்கப்படும் நிறத் திருத்திகளும் சாயங்களே. பலவற்றில் பாரா-ஃபெனிலீன்டையமின் அல்லது அதை ஒத்த பொருள்கள் உள்ளன. இவை சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். பயன்படுத்துவதற்கு 48 மணி நேரம் முன்பாக, உறையில் கூறியுள்ள முறைப்படி காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிதளவு தடவிச் சோதியுங்கள். முன்பு தலைச்சாயத்தாலோ கறுப்பு மருதாணியாலோ அரிப்பும் வீக்கமும் வந்திருந்தால், அச்சோதனையைக்கூட வீட்டில் செய்யாமல் தோல் மருத்துவரை அணுகுங்கள்.

யார் பொறுத்திருக்க வேண்டும்?

புற்றுநோய்க்கான கீமோதெரபி முடிந்தபின் வளரும் முடி, முன்பிருந்ததை விட மென்மையாகவோ சுருண்டோ நிறம் மாறியோ இருக்கலாம். கண்ணாடியில் பழைய முகத்தைக் காண வேண்டும் என்ற விருப்பம் இயல்பானது. அதை வீண் அலங்கார ஆசை என்று குடும்பத்தினர் ஒதுக்கிவிடக் கூடாது. எனினும் அக்காலத்தில் உச்சந்தலைத் தோல் மென்மையாக இருக்கும். வெள்ளணுக்கள் குறைந்திருந்தால், சிறு புண்ணும் கிருமித் தொற்றுக்கு வாயிலாகிவிடும். சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் வரை பிளீச்சும் நிரந்தரச் சாயமும் வேண்டாம் என்பதே பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. உங்களுக்கு உரிய காலத்தைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை பருத்தித் தலைத்துணியும் மென்மையான ஷாம்புவும் போதும்.

உச்சந்தலையில் சோரியாசிஸ், எக்ஸிமா உள்ளவர்களும், புண் ஆறத் தாமதமாகும் நீரிழிவு நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் வேதிப்பொருள்களைப் பயன்படுத்த வேண்டாம். கருவுற்ற தாய்மார்கள் முதல் மூன்று மாதங்கள் கடக்கும்வரை காத்திருப்பது நலம்.

உடனிருப்போர் கவனத்திற்கு

பூசிய இடத்தில் எரிச்சல் தாங்க முடியாமற்போனால், நேரம் முடியவில்லையே என்று காத்திருக்காமல் உடனே அலசிவிடுங்கள். குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடங்கள் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் இவ்வாறே கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். காயத்தின்மேல் மஞ்சள்தூள், பற்பசை, எண்ணெய் ஆகியவற்றைப் பூச வேண்டாம். சாயம் பூசிய அன்றோ, அடுத்த சில நாள்களிலோ கண்ணிமையும் நெற்றியும் வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சு வாங்குதல், தலைசுற்றல் ஆகியவை உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையின் அறிகுறிகள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பயன்படுத்திய பொருளின் உறையையும் மறவாமல் கொண்டு வாருங்கள். அதிலுள்ள பட்டியல் சிகிச்சைக்குத் துணைபுரியும்.

நீல ஷாம்புவாலும் நிறைவு கிடைக்காவிட்டால், முடியின் இயல்பான நிறத்திற்கு நெருங்கிய அடர்பழுப்பைப் பயிற்சி பெற்ற அழகுக்கலைஞரிடம் பூசிக்கொள்வது, மேலும் வெளிறச் செய்வதை விடப் பாதுகாப்பானது. அதற்கும் ஒவ்வாமைச் சோதனை முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். திருமணம் நெருங்கிவிட்டதே என்று கவலைப்படுவோர்க்கு ஒன்று: பின்னிப் பூச்சூடிய கூந்தலில் செம்பட்டை எவர் கண்ணிலும் உறுத்தாது. பிளீச் சுட்ட நெற்றியோரத்துப் புண்ணைப் பூவால் மறைக்க இயலாது. முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். நலமான உச்சந்தலை இருந்தால், இன்று மனம் வருந்தும் நிறத்தை நாளடைவில் வெட்டியே நீக்கிவிடலாம்.