சாரல் காலத்தில் கால்நடைகளுக்குப் போர்வை

ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துச் சாரலைக் கொணரும் கீழப்பாவூர் வட்டாரத்தில், வெளியில் கட்டப்படும் கால்நடைக்குப் போர்வை தேவையா என்பதை வெப்பநிலையை மட்டும் கொண்டு தீர்மானித்தல் பொருந்தாது. உரோமங்கள் நிமிர்ந்து தமக்கிடையே காற்றைத் தேக்கி உடல்வெப்பத்தைக் காப்பதால், நனையாத, திடமான மாடோ குதிரையோ இங்குள்ள குளிரைத் தானே தாங்கும். ஆனால் உரோமம் நனைந்து படிய, அதன்மீது காற்றும் வீசும்போது அக்காப்பு குலைகிறது. ஆகவே இளங்கன்று, முதிர்ந்த அல்லது மெலிந்த விலங்கு, உரோமம் கத்தரித்த செம்மறி ஆகியவற்றைக் கூரையடியில் சேர்த்து, துடைத்து, உலர்ந்த சணல் சாக்கைப் போர்த்துவதும், சாக்கு நனைந்தால் மாற்றுவதும், வெயில் வந்ததும் நீக்குவதும் முறையாகும். வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைச் சிதைக்கும் நொதித்தலும் உடலுக்கு வெப்பம் தருவதால், போர்வைக்கு முன்னரே போதிய வைக்கோல் அளிப்பது இன்றியமையாதது.