ஏட்டில் ஏறாத ஏரி அறிவு

கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திர சோழன், அதன் நினைவாகத் தன் புதிய தலைநகரில் ஓர் ஏரி வெட்டினான். கங்கைகொண்ட சோழபுரத்து மக்கள் பொன்னேரி என்று சொல்லும் சோழகங்கம் அது. நீராலான வெற்றித் தூண் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. அரசனின் வெற்றி செப்பேட்டில் ஏறிவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஏரிகளைக் காத்தவர்களின் தொழிலறிவோ பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்திருக்கிறது.

குமிழித் தூம்பையே எடுத்துக்கொள்வோம். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஏரிக்குள் நிற்கும் கல் மதகு. மேலே நீரோடித் துளை, தரையோடு சேறோடித் துளைகள். மேல் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் சுழித்து இறங்கும். அந்த இழுப்பில் அடியில் படிந்த சேறும் கலங்கி வெளியேறும். பாசனம் நடக்கும்போதே கொஞ்சம் தூரும் வாரப்படும். எந்த மடையை எப்போது, எவ்வளவு திறப்பது என்பது, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்கு அத்துப்படி. அறுவடைக் களத்தில் ஆயக்கட்டுதாரர்கள் அளக்கும் நெல்தான் அவருக்குக் கூலி.

கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் அரியலூர் மாவட்டத்தில்தான் கரைவெட்டியும் இருக்கிறது. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் இமயம் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் இங்கே இறங்குவது, பயிருக்காக மனிதர்கள் தேக்கிய தண்ணீரில். மடையும் கரையும் கெட்டால் வயலோடு வாத்துக்கும் நஷ்டம்.

அவற்றைக் காக்கும் அறிவோ ஏட்டில் இல்லை. எழுதி வைக்காத அறிவு எளிதில் களவு போகும். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். அதை மறுபரிசீலனை செய்யக் கோரியது இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு. பழைய நூல்களும் 1953-ல் அச்சான ஓர் ஆய்வுக் கட்டுரையும் சாட்சி சொன்ன பிறகே 1997-ல் அது ரத்தானது. வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியத்துக்கே எழுத்துச் சான்று வேண்டியிருந்தது.

அதற்கான வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். நாட்டு நெல், மூலிகை, மீன், நீர்நிலை எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. அதிகாரி மேசையில் உட்கார்ந்து நிரப்பும் படிவமாக அது முடிந்துவிடக் கூடாது. நீர்க்கட்டியும் நாட்டு வைத்தியரும் தங்கள் சம்மதத்தோடு சொல்வதைச் சொன்னபடியே பதிய வேண்டும். அந்த அறிவால் வணிக லாபம் வந்தால் அவர்களுக்கும் பங்கு போக வேண்டும்.

உலக நீர் நாளான மார்ச் 22 தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாளும்கூட. உங்கள் ஊர்ப் பதிவேட்டை அன்று கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.