மக்கள் தொடர்புப் பணிக்குக் கல்லூரி தேர்ந்தெடுத்தல்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் சங்கங்களுக்கு நாம் தணிக்கைக்குச் செல்லுங்கால், கணக்குப் புத்தகங்களை மூடிய பிறகு அங்கத்தினர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?" என்பதே அது. அண்மைக் காலமாக அக்கேள்வியோடு "மக்கள் தொடர்பு" என்னும் படிப்பின் பெயரும் சேர்ந்து வருகிறது. தனியார் ஸ்தாபனங்களின் வண்ணப் பிரசுரங்களைக் காட்டி, அவற்றில் கண்ட கட்டணத்துக்காகத் தறிக்கூடத்தை அடமானம் வைக்கலாமா, நிலத்தில் ஒரு பகுதியை விற்கலாமா என்று யோசனை கேட்டோரும் உளர். குடும்பத்தின் ஜீவாதாரத்தையே பணயமாக வைக்கும் விஷயமாதலால், இதைச் சற்று விரிவாக எழுத முற்பட்டோம்.

முதலில் இத்தொழில் இன்னதென்று தெளிதல் வேண்டும். விளம்பரம் வேறு, மக்கள் தொடர்பு வேறு. பத்திரிகையில் இடத்தை விலைக்கு வாங்கி நமது சரக்கின் சிறப்பைக் கூறுவது விளம்பரம். ஒரு ஸ்தாபனத்துக்கும், அதனோடு சம்பந்தப்பட்ட பொதுமக்களுக்கும் இடையே செய்தியும் நம்பிக்கையும் தடையின்றிச் செல்ல வழி செய்வது மக்கள் தொடர்பு. 1906ஆம் ஆண்டு அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி நகரத்தருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விபத்துச் செய்தியை மூடி மறைப்பதே அக்கால ரயில்வேக் கம்பெனிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்வேக்கு ஆலோசகராயிருந்த ஐவி லீ என்பவரோ, நடந்ததைக் கம்பெனியே எழுதிப் பத்திரிகைகளுக்கு வழங்கும்படி செய்தார். இன்று உலகெங்கும் வழங்கும் பத்திரிகைக் குறிப்புக்கு இதனையே முன்னோடியாகக் கூறுவர். 1982இல் சிக்காகோ வட்டாரத்தில் டைலினால் என்னும் மாத்திரைக் குப்பிகளில் யாரோ விஷம் கலந்ததால் எழுவர் இறந்தபோது, அதனைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி மக்களை வெளிப்படையாக எச்சரித்து, சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. நஷ்டம் பெரிது, ஆயினும் மக்களின் நம்பிக்கை மீண்டது. இவ்விரண்டு சம்பவங்களையும் எடுத்துக் கூறக் காரணம் உண்டு. சங்கடம் நேர்ந்த வேளையில் உண்மையைத் தெளிவாகவும் விரைவாகவும் எழுதி வெளியிடும் திறமையே இப்பணியின் உயிர்நாடி. கை குலுக்கிச் சிரித்துப் பேசத் தெரிந்தால் போதும் என்று எண்ணிச் சேர்பவர்கள் முதலாண்டிலேயே ஏமாற்றம் அடைகிறார்கள்.

இதனைக் கல்லூரியில் பாடமாகக் கற்பித்தல் மிகப் பழைய வழக்கமன்று. எட்வர்டு பெர்னேஸ் என்பவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1923இல் இதற்கெனப் பாடம் நடத்தினார். நம் நாட்டில் இத்தொழிலினரின் சங்கம் 1958இல் தோன்றி, 1968இல் தமக்கென ஒழுக்க விதிகளையும் ஏற்றுக்கொண்டது. நமது மாநிலத்தில் மாவட்டந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருப்பதை அங்கத்தினர்கள் அறிவர். பொதுத்துறை நிறுவனங்கள், மருத்துவமனைகள், தனியார் கம்பெனிகள், பிறருக்காக இப்பணியைச் செய்து கொடுக்கும் ஏஜென்சிகள் ஆகியவற்றிலும் வேலை உண்டு. புதிதாகச் சேர்பவருக்குப் பெரும்பாலும் எழுத்து வேலையே முதலில் வாய்க்கும்.

இனிக் கல்லூரி விஷயத்துக்கு வருவோம். நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமலே கூறிவிடுகிறோம். முதற் பட்டத்தின் பெயரில் "மக்கள் தொடர்பு" என்னும் சொல் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அருகிலுள்ள அரசுக் கல்லூரியிலோ, அரசு உதவி பெறும் கல்லூரியிலோ தமிழ், ஆங்கிலம், பொருளாதாரம், வணிகவியல் போன்ற ஒரு பாடத்தில் நன்றாகத் தேறி, அதன்பின் ஓராண்டோ இரண்டாண்டோ இத்துறையில் மேற்படிப்புப் படிப்பதே பெரும்பாலான நம் குடும்பங்களுக்கு உகந்த வழி. இதில் செலவு குறைவு என்பது ஒருபுறம் இருக்க, பதினேழு வயதில் பிறந்த ஆசை இருபது வயதில் மாறினும் நஷ்டம் இல்லை. மேலும், ஒரு பொருளைப் பற்றி ஆழ்ந்த அறிவுடையவனே அதைப் பற்றிப் பிறருக்கு விளக்க இயலும். நூலின் நம்பரும், மஞ்சள் மண்டியின் நடைமுறையும் அறிந்த பிள்ளை, பட்டணத்துப் பிள்ளைக்கு எவ்வகையிலும் குறைந்தவன் அல்லன்.

மேற்படிப்புக்குரிய இடங்களில் புதுடில்லியிலுள்ள இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் முக்கியமானது. 1965இல் மத்திய அரசு நிறுவிய இது, 2024இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. விளம்பரமும் மக்கள் தொடர்பும் சேர்ந்த முதுநிலைப் பட்டயப் படிப்பைப் பல்லாண்டுகளாக இது நடத்திப் புகழ் பெற்றது. போட்டி கடுமை, ஆங்கிலத்தில் தடையின்றி எழுதும் பழக்கம் வேண்டும். அகமதாபாத்தில் 1991இல் தோன்றிய மைக்கா போன்ற தனியார் ஸ்தாபனங்களும் பெயர் பெற்றவையே. ஆனால் அவற்றின் கட்டணம் நம்மில் பலருக்கு எட்டாதது. நம் மாநிலத்திலேயே சென்னைப் பல்கலைக்கழகம், கோவைப் பாரதியார், சேலம் பெரியார், மதுரை காமராசர், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்கள், திருவாரூரிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இதழியல் அல்லது தொடர்பியல் துறைகள் உள்ளன. இத்தகைய துறைகளில் மக்கள் தொடர்பு தனிப் படிப்பாக அன்றி, பல பாடங்களுள் ஒன்றாகவே பெரும்பாலும் அமையும். அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. பத்திரிகை நடைமுறை அறியாதவன் பத்திரிகையோடு எவ்வாறு தொடர்பு கொள்வான்?

பெயரையும் கட்டடத்தையும் மட்டும் கண்டு மயங்கலாகாது. நூல் வாங்கும்போது சிப்பத்தின்மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் பணம் கொடுத்து விடுகிறோமா? சிட்டத்தைப் பிரித்து, முறுக்கிப் பார்த்து, எடையும் போட்ட பிறகன்றோ ஒப்புக்கொள்கிறோம்? அதுபோலவே, பிள்ளையுடன் தகப்பனாரோ தாயாரோ கல்லூரிக்கு நேரில் சென்று விசாரிக்க வேண்டும். பாடம் நடத்துவோரில் பத்திரிகையிலோ மக்கள் தொடர்பு அலுவலகத்திலோ வேலை பார்த்தவர் எத்தனை பேர்? மாணவர்கள் தாமே தயாரிக்கும் பத்திரிகை உண்டா? உண்டெனில் கடைசி இதழைக் காட்டச் சொல்லுங்கள். அது சென்ற வருஷத்ததாயின் விடை கிடைத்துவிட்டது. மாணவர் எழுதுவதை ஆசிரியர் திருத்திக் கொடுக்கும் வழக்கம் வாரந்தோறும் உண்டா? பயிற்சிக்கு எந்த அலுவலகங்களுக்கு, எத்தனை வாரங்கள் அனுப்புகிறார்கள்? "நூற்றுக்கு நூறு வேலை" என்று பிரசுரத்தில் அச்சிட்டிருப்பின், சென்ற ஆண்டு தேறியவர்கள் எங்கே, எந்த வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களில் இருவரோடு பேசுதல், பிரசுரத்தைப் பத்து முறை படிப்பதினும் மேல். இக்கேள்விகளைக் கேட்கக் கூச வேண்டியதில்லை. பணம் நம்முடையது.

பட்டம் வழங்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் தவறாமல் பார்க்க வேண்டும். ஒரு ஸ்தாபனம் எத்துணைப் பெரிதாயினும், அது அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமாகவோ, அத்தகையதோடு இணைந்த கல்லூரியாகவோ இல்லையெனில் பட்டம் தர இயலாது. சான்றிதழ் மட்டுமே தரும். அச்சான்றிதழைக் கொண்டு அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்க முடியாமல் தவிப்போரைக் காண்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியலையும், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் வெளியிடுகிறது. இணையதளத்தில் இரண்டையும் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

பண விஷயம் ஒன்று எஞ்சியுள்ளது. சங்கத்தின் நிகர லாபத்திலிருந்து ஒதுக்கும் கூட்டுறவுக் கல்வி நிதியைக் கல்லூரிக் கட்டணத்துக்குத் தரலாகாதா என்று சில பொதுக்குழுக் கூட்டங்களில் கேட்கிறார்கள். அந்நிதி கூட்டுறவைப் பற்றிய கல்விக்கே ஏற்பட்டது; வேறு வழியில் செலவிட்டால் தணிக்கையில் நாமே ஆட்சேபணை எழுத நேரிடும். தறியையும் நிலத்தையும் தொடுமுன் வங்கியின் கல்விக் கடனை விசாரித்தறிவது நன்று. பொதுத்துறை வங்கிகளின் மாதிரித் திட்டப்படி, ரூ.7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமலே பெறலாம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. எனினும் வட்டி அக்காலத்திலும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை மறவாது கணக்கிடுக. கட்டணம் எதற்கும் ரசீது பெறாமல் பணம் கட்ட வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்வசம் நிறுத்தி வைத்தல் கூடாதென்றும், உரிய தவணைக்குள் விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டுமென்றும் மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. சரிபார்க்கக் காட்டிய அசல்களை அன்றே திரும்பப் பெற்று, நகல்களை மட்டும் கொடுத்து வாருங்கள்.